ஏழாம் நம்பர் ரெஃபரன்ஸ்

போன மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். "மாமா, தூங்கிட்டீங்களா?" இந்தக் கேள்விக்கு "ஆமா" என்று பதில் சொன்னவர் உலகத்திலேயே கிடையாது என்பதால் நானும் "இல்லம்மா, சொல்லு" என்றேன். பேசியது தங்கச்சி மகள். பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருஷம்.

விஷயம் இதுதான். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை வீட்டில் பராமரிப்பது பற்றி ஒரு அசைன்மென்ட். அதில் "வலிக்காக மார்பின் வகை மருந்து எடுத்துக்கொள்கிறவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதற்கு அடிமையாகிறார்கள்" என்று ஒரு வரி. வரி முடிகிற இடத்தில் பொடி எழுத்தில் 7. கடைசிப் பக்கத்தில் ஏழுக்கு நேரே போர்ட்டர், ஜிக் என்று இரண்டு பேர், 1980 என்று வருஷம். மேடம் அந்த ஏழைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் "இதை நீ படித்தாயா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"படிச்சியா?"

"இல்ல மாமா. லைப்ரரில ஒரு பழைய புக். அதுல இந்த வரியும் இருந்துச்சு, அடியில ரெஃபரன்ஸும் இருந்துச்சு. ரெண்டையும் எடுத்துக்கிட்டேன்."

"அப்ப அந்த புக் பேரைத்தானே போடணும்?"

"ஜர்னல் பேர் போட்டாத்தான் மதிப்புன்னு சொன்னாங்க."

திட்டத் தோன்றவில்லை. ஊர்ப்பட்ட தகவலை எடுத்துப் போட்டுவிட்டு அடியில் "நன்றி: இணையம்" என்று ஒரு வரியில் கணக்கை முடிக்கிற கூட்டத்தில் அடியேனும் ஒருவன். சரி, அந்த ஏழாம் நம்பர் வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுவோம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். போன இடத்தில் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்க.

முதலில் அந்த ரெஃபரன்ஸையே படிக்கச் சொன்னேன். பெயர்கள், தலைப்பு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், 1980, அரைப்புள்ளி, 302, அடைப்புக்குறிக்குள் 2, முக்காற்புள்ளி, 123. நமக்குப் பழகிய ரேஷன் கார்டு நம்பர் மாதிரித்தான் இருக்கிறது. 302 என்பது தொகுதி. அடைப்புக்குறிக்குள் இருப்பது இதழ் எண். கடைசியில் வருவது பக்கம். இந்த அரைப்புள்ளி, முக்காற்புள்ளி வரிசைக்கு வான்கூவர் முறை என்று பெயர். "வான்கூவர் யாரு மாமா?" என்று கேட்டாள். ஆள் இல்லை, கனடாவில் ஓர் ஊர். 1978-ல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் அங்கே கூடி, இதழுக்கு ஒரு விதமாக எழுதச் சொல்லி ஆராய்ச்சிக்காரர்களின் உயிரை எடுக்க வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு முறை வைப்போம் என்று பேசினார்கள். அதன் வாரிசுதான் இது.

"பக்கம் எத்தனை?"

"123."

"123 முதல் எதுவரைக்கும்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "வெறும் 123 தான் மாமா."

அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் 123-130 என்ற மாதிரி ஆறேழு பக்கமாவது ஓடும். எத்தனை பேரை, எப்படி, எத்தனை நாள் பார்த்தார்கள் என்று சொல்லவே ரெண்டு பக்கம் வேண்டும். ஒரே பக்கத்தில் முடிகிற ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி?

பப்மெட்டில் தலைப்பைப் போட்டவுடன் வந்துவிட்டது. போதை மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்கிற பொருளில் தலைப்பு. கட்டுரைச் சுருக்கம் இல்லை. வகை என்று ஓரிடத்தில் போட்டிருந்தது: கடிதம். அதாவது ஆசிரியருக்குக் கடிதம்!

கடிதத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்று. நான் வெறும் பத்து விநாடியில் 1980-ம் வருஷத்துக் கடிதத்தைப் பிடித்தேன் அல்லவா, அந்தப் பத்து விநாடியும் ஒரு மாணவனின் எரிச்சலில் ஆரம்பித்தது.

1860. அமெரிக்காவில் சின்சினாட்டி. ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற பையன் டாக்டர் பட்டத்துக்கு வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றிக் கட்டுரை எழுதுகிறான். இதற்கு முன்னால் யார் யார் இந்த அறுவையைச் செய்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு வேண்டும். எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் கிடையாது. புத்தகங்களின் பின்னால் இருக்கிற அகரவரிசையை நம்ப முடியவில்லை. ஆயிரக்கணக்கில் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டலாம் என்றாலும் தேவையான புத்தகங்களில் பாதியாவது இருக்கிற நூலகம் அன்றைக்கு அமெரிக்காவிலேயே இல்லை. நம்ம பொண்ணு மாதிரி யாருக்காவது போன் போடலாம் என்றால் போனும் இல்லை.

பையன் பட்டம் வாங்கி உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராகப் போனான். போர் முடிந்த 1865-ல் ராணுவத் தலைமை மருத்துவரின் நூலகம் அவர் கைக்கு வந்தது. (பதவி வந்தாச்சு, இனி 'அவர்'.) அப்போது அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் புத்தகம். அந்த நூலகம் கொஞ்ச நாளில் குடிபோன கட்டடம் எது தெரியுமா? ஆபிரகாம் லிங்கனைச் சுட்டார்களே, அதே ஃபோர்டு தியேட்டர். பில்லிங்ஸ் உலகம் பூராவும் கடிதம் எழுதிப் புத்தகங்களையும் இதழ்களையும் வரவழைத்தார். சாயங்காலம் இதழ்களை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுபோய், எந்தக் கட்டுரை எந்தத் தலைப்பில் வரவேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் குறிப்பார். மறுநாள் எழுத்தர்கள் அதை அட்டையில் எழுதுவார்கள். 1879-ல் இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற மாதப் பட்டியல், 1880-ல் நூலகத்தின் பெரிய பட்டியலின் முதல் தொகுதி. அந்த நூலகம்தான் வளர்ந்து இன்றைக்கு அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். 1964-ல் பட்டியல் கம்ப்யூட்டருக்குள் போனது, 1971-ல் மெட்லைன் வந்தது, 1997 ஜூனில் பப்மெட் என்ற பெயரில் காசு இல்லாமல் யார் வேண்டுமானாலும் தேடலாம் என்றார்கள். துணை ஜனாதிபதி அல் கோர் வந்து தேடிக் காட்டித் துவக்கிவைத்தார்.

இதெல்லாம் டாக்டர்களின் கதை. நர்சுகள் எங்கே?

அதைத் தேடும்போதுதான் எனக்கு வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அம்மாளின் மேல் பெரிய மரியாதை வந்தது. நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். நர்சிங் என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம், பதினான்கு அடிப்படைத் தேவைகள், அஞ்சு மார்க் கேள்வி. அத்தோடு அவரை விட்டுவிடுகிறோம். நம்ம பொண்ணும் அப்படித்தான் விட்டிருந்தாள்.

நர்சுகளுக்கென்று அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்சிங் என்ற இதழ் 1900 அக்டோபரிலேயே வர ஆரம்பித்தாச்சு. நர்சிங் ரிசர்ச் என்ற ஆராய்ச்சி இதழ் 1952-ல் வந்தது. படுக்கைப்புண் வராமல் எப்படிப் பார்ப்பது, தூங்காத நோயாளியை எப்படித் தூங்கவைப்பது என்று எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எதில் எது இருக்கிறது என்று முழுசாகச் சொல்லும் பட்டியல் இல்லை. இதழ் இருக்கிறது, வழி இல்லை. அலமாரி இருந்து சாவி இல்லாத கதை.

1950-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஹெண்டர்சனும் லியோ சிம்மன்ஸ் என்ற சமூகவியல் பேராசிரியரும் சேர்ந்து அமெரிக்காவில் நர்சிங் ஆராய்ச்சி எந்த நிலைமையில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ரெண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நர்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி (எங்கே படித்தார்கள், ஏன் வேலையை விட்டார்கள்) எக்கச்சக்கம். நோயாளிக்கு நர்ஸ் செய்கிற வேலையைப் பற்றிய ஆராய்ச்சி ரொம்பக் கம்மி. இரண்டு, இருக்கிறதையும் தேடி எடுக்க முடியவில்லை.

இரண்டாவதற்கு என்ன செய்யலாம் என்று கமிட்டி போட்டுக் கலைந்திருக்கலாம். அந்த அம்மாள் தானே இறங்கினார். 1959-ல் ஆரம்பிக்கும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1900 முதல் 1959 வரை ஆங்கிலத்தில் வந்த நர்சிங் ஆய்வுகளையும் நர்சிங் வரலாற்று எழுத்துக்களையும் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பு எழுதி, நாலு தொகுதி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கடைசித் தொகுதி முதலில் வந்தது. 1957-59 காலத்துக்கான நான்காம் தொகுதி 1963-ல். அப்புறம் பின்னோக்கி மூன்று, இரண்டு. 1900-29 காலத்துக்கான முதல் தொகுதி 1972-ல். இப்போது வேலை செய்கிற நர்சுக்குப் புதுசுதான் முதலில் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. முடிக்கும்போது அவருக்கு வயது 74. கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் அட்டை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒயிட் மெமோரியல் ஆஸ்பத்திரி நூலகத்தில் எல்லா கிராண்டால் என்று ஒரு நூலகர். (எல்லா என்பது பெயர்தான். நம்ம 'எல்லா' இல்லை.) நர்சுகள் வந்து வந்து கேட்கிறார்களே என்று 1940-களிலிருந்தே நர்சிங் இதழ்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அது 1961-ல் அச்சில் புத்தகமாக வந்தது. 1977-ல் பிசியோதெரபி மாதிரியான பக்கத்துத் துறைகளையும் சேர்த்துக்கொண்டு, இன்று நர்சிங் கல்லூரிகளில் சினால் என்று கூப்பிடுகிறார்களே, அதுவாக ஆனது. பப்மெட் மட்டும் போதாதா, சினாலும் எதுக்கு என்று மாணவர்கள் கேட்பது வழக்கமாம். பப்மெட்டின் தலைப்புச் சொற்கள் டாக்டர் கண்ணால் உலகத்தைப் பார்ப்பவை, நோயின் பெயரில் அடுக்குபவை. சினால் அதே அமைப்பை எடுத்துக்கொண்டு நர்ஸ் செய்கிற வேலைக்கும் தலைப்பு வைத்தது. ரெண்டிலும் தேடினால்தான் முழு வலை விழும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்கிற வழி. அந்தக் கட்டுரைக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று பார்க்கிற வழி வேறு ஒருவருடையது. யூஜின் கார்ஃபீல்டு. அவருக்கு யோசனை வந்தது வக்கீல்களிடமிருந்து. அமெரிக்க வக்கீல்கள் 1873-லிருந்து ஷெப்பர்டு என்ற பட்டியலை வைத்திருக்கிறார்கள். ஒரு தீர்ப்பின் பெயரைப் பார்த்தால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்பு இதை ஏற்றது, எது தள்ளியது என்று வரிசையாக இருக்கும். செத்துப்போன தீர்ப்பைக் காட்டி வாதாடினால் ஜட்ஜ் கிழித்துவிடுவார் அல்லவா? அறிவியலுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று 1955-ல் கார்ஃபீல்டு எழுதினார். 1963-ல் 613 இதழ்களை வைத்து முதல் பட்டியலைப் போட்டார். இன்றைக்கு கூகிள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரு எண் இருக்கிறதே, அதன் தாத்தா இது. ஒரு வித்தியாசம். ஷெப்பர்டு, ஏற்றதா தள்ளியதா என்று சொல்லிவிடும். அந்த எண் அதைச் சொல்லாது. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும்.

இப்ப கடிதத்துக்கு வருவோம்.

1980 ஜனவரி 10 இதழ். ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக், ரெண்டு பேரும் பாஸ்டன்காரர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், என்ன ஆச்சு என்று பதிந்துவைக்கும் திட்டத்தில் இருந்தவர்கள். கடிதம் மொத்தமே அஞ்சு வாக்கியம். 39,946 உள்நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தோம், அதில் 11,882 பேருக்கு ஒரு தடவையாவது அபின் வகை மருந்து கொடுக்கப்பட்டது, முன்பு அடிமைத்தனம் இல்லாதவர்களில் புதிதாக அடிமையானதாகப் பதிவானது நாலே பேர். அவ்வளவுதான். எத்தனை நாள் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபின் என்ன ஆனார்கள், ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கையால் வாங்கிய மருந்தைப் பற்றிய குறிப்பு அது. முதுகுவலிக்கு மாசக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கடிதத்தில் தப்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இருந்ததைச் சொன்னார்கள். அப்புறம் என்ன ஆச்சு? 1990-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் கட்டுரை ஒன்று அதை விரிவான ஆய்வு என்றது. 2001-ல் டைம் பத்திரிகை மைல்கல் ஆய்வு என்றது. அஞ்சு வாக்கியம் மைல்கல்! 1995 கடைசியில் ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்து, மறுவருஷம் விற்பனைக்கு வந்தது. கடிதத்தை மேற்கோள் காட்டுவதும் அப்போதிருந்து கூடியது. அந்தக் கம்பெனி, மாத்திரையின் அடிமைத்தன ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக 2007-ல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அறுபது கோடி டாலருக்கு மேல் கட்டியது.

கார்ஃபீல்டின் வித்தையை அந்தக் கடிதத்தின் மேல் போட்டுப் பார்த்தவர்கள் டொரொண்டோவைச் சேர்ந்த அஞ்சு பேர். 2017 ஜூனில் அதே இதழில் வெளியிட்டார்கள். 608 இடங்களில் அந்தக் கடிதம் மேற்கோளாகி இருக்கிறது. அதே சமயத்தில் வந்த மற்ற பதினோரு கடிதங்களை எடுத்தால், நடுவில் இருப்பது 11 தடவை. 608-ல் 439 பேர் அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். இவர்கள் உள்நோயாளிகள் என்பதையே சொல்லாமல் விட்டவர்கள் 491 பேர். அஞ்சில் நாலு பேர்! நம்ம பொண்ணு 609-வது.

எத்தனை பேர் உண்மையில் அந்த 123-ம் பக்கத்தைத் திறந்திருப்பார்கள்? பட்டியலில் தலைப்பு மட்டும்தான் வரும், சுருக்கம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அந்த இதழின் பழைய பக்கங்கள் 2010-ல்தான் இணையத்துக்கு வந்தன. அதுவரை நூலகத்தின் பின்கட்டுக்குப் போய் 1980-ம் வருஷ பைண்டை இறக்க வேண்டும். தலைப்பு வேண்டியதைச் சொல்லிவிடும்போது யார் ஏணி ஏறுவார்கள்? பில்லிங்ஸும் ஹெண்டர்சனும் கிராண்டாலும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அட்டை எழுதியது, அட்டையைப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போவார்கள் என்ற நம்பிக்கையில். நாம் அட்டையோடு திரும்பிவிட்டோம்.

1999 முதல் 2019 வரை அபின் வகை மருந்துகள் அளவு மீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறத்தாழ அஞ்சு லட்சம் பேர். இதில் ஹெராயினும் ஃபென்டனிலும் சேர்த்தி; எல்லாப் பழியையும் ஒரு கடிதத்தின் தலையில் போடுவது அபத்தம். ஆனால் ஜிக்கே 2017-ல், தன் கடிதத்தை மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்திய விதத்துக்காகக் கூனிக்குறுகுவதாகப் பேட்டி கொடுத்தார். இப்போது இதழின் தளத்தில் கடிதத்துக்கு மேலேயே ஆசிரியர் குறிப்பு இருக்கிறது: யோசிக்காமல் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்ட கடிதம், ஜாக்கிரதை என்கிற மாதிரி.

இதையெல்லாம் சொன்னவுடன் பொண்ணு பயந்துவிட்டாள். "அப்ப மார்பினே கொடுக்கக் கூடாதுன்னு எழுதிடவா மாமா?" அது அடுத்த தப்பு. நம்ம நாட்டில் கதை தலைகீழ். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், புற்றுநோயில் துடிக்கிறவர்களுக்குக்கூட மார்பின் கிடைப்பது கஷ்டமாகி, 2014-ல் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. எங்க பெரியம்மா கடைசி மூணு மாசம் வலியில் கத்தியபோது, "அடிமை ஆயிடுவாங்க" என்று வீட்டிலேயே தடுத்தவர்கள் உண்டு. அன்றைக்கு யாராவது அந்தக் கடிதத்தை ஒழுங்காகப் படித்துச் சொல்லியிருந்தால், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொடுக்கும்போது பயம் கம்மி என்று எங்களுக்கும் புரிந்திருக்கும். ஒரே பக்கம் 123. முதுகுவலிக்கு ஆதாரம் ஆகாது, பெரியம்மாவுக்கு ஓரளவு ஆகியிருக்கும்.

கடைசியில் அவள் அந்த வரியை இப்படி மாற்றினாள்: ஆஸ்பத்திரி உள்நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிதாகவே பதிவானதாக 1980-ல் ஒரு கடிதம் வந்தது; வீட்டில் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு அதைப் பொருத்த முடியாது. முதல் பாதிக்கு 7, இரண்டாம் பாதிக்கு டொரொண்டோக்காரர்களின் 8. அப்புறம் மீதி இருந்த ரெஃபரன்ஸ்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். ஒன்றில் தொகுதி எண் தப்பு. இரண்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் மட்டும்தான் இலவசம், முழுசுக்கு டாலர் கேட்கிறான். அது ரெண்டையும் எடுத்துவிட்டாள். ஒன்று எங்கே தேடியும் அகப்படவில்லை. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ கட்டுரை இருக்கிறது. அதுவும் அதே லைப்ரரி புத்தகத்திலிருந்து வந்ததுதானாம்.

போன வாரம் அசைன்மென்ட் திரும்பி வந்தது. ஏழுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். பட்டியல் இப்போது ஒன்பதுதான் இருக்கிறது, முன்பு பன்னிரண்டு என்று கொஞ்சம் வருத்தப்பட்டாள். மேடம் எண்ணிப் பார்க்கவில்லை போல.